கதீட்டர் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதா?

வாரக்கணக்கில் உடம்பில் இருந்து, அடைத்துப்போன கதீட்டரை (சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் போடும் குழாய்) கழற்றி நுனியை நீளவாக்கில் வெட்டினால், உள்ளே வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். விரலில் தேய்த்தால் மணல்போல நெருடும். சிறுநீர் உள்ளே இறங்கும் பக்கத் துளை பாதி மூடியிருக்கும்.

குழாய் உரசி சிறுநீர்ப்பைச் சுவர் புண்ணாகும்போது, ரத்தத்திலிருந்து கசியும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கதீட்டரின் மேல் பூசிக்கொள்ளும். என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதைப் பற்றிக்கொண்டு குடியேறும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் என்று மற்ற பாக்டீரியாக்களும் வந்து சேர்ந்து, பிசின் போன்ற படலத்துக்குள் ஒன்றாக வாழும். 30 நாள் தாண்டிய கதீட்டரில் கிருமி இல்லாமல் இருப்பதே அபூர்வம்.

அடைப்புக்கு முக்கியக் காரணம் புரோட்டியஸ் மிராபிலிஸ். இதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும், சிறுநீரின் பி.எச். (அமில-கார அளவு) 8-ஐத் தாண்டி அது காரமாகும், மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாக இறங்கும். என்டரோகாக்கஸோ புராவிடென்சியா என்ற இன்னொரு பாக்டீரியாவோ கூட இருந்தால் அந்த நொதியின் வேகம் இன்னும் கூடுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் 'என்டரோகாக்கஸ்தானே, சாதுவான கிருமி' என்று விட்டுவிட முடியாது.

சிறுநீரிலுள்ள கிருமிகளை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் இந்தக் கிருமிக் கூட்டு எளிதில் தப்பிவிடும். ரத்த அகார் தட்டில் (அகார் என்பது கிருமி வளர்க்கும் ஜெல்லி போன்ற ஊடகம், அதில் பல வகை உண்டு) புரோட்டியஸ் அலையலையாகப் பரவி மற்ற கிருமிகளின் காலனிகளை, அதாவது திட்டுகளை, மூடிவிடும். மெக்கான்கி என்ற வகை அகாரில் அந்தப் பரவல் அடங்கும், ஆனால் என்டரோகாக்கஸ் சரியாக வளராது. சி.எல்.இ.டி. என்ற வகை அகாரில் இரண்டு கிருமிகளையும் பார்க்கலாம். பல கிருமி வளர்ந்தாலே 'மாதிரி மாசுபட்டது' என்று எழுதிவிடுவது கதீட்டர் நோயாளிகளுக்குப் பொருந்தாது.

ஆனால் மாதிரி சரியாக இருக்க வேண்டும். யூரின் பேகிலிருந்து எடுக்கவே கூடாது. காய்ச்சல், குளிர்நடுக்கம் வந்து, கதீட்டர் போட்டு 2 வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், முதலில் புதுக் கதீட்டர், அதன் வழியே மாதிரி, பிறகு ஆன்டிபயாடிக். பழைய குழாயை வைத்துக்கொண்டே மருந்து கொடுத்தால் படலத்துக்குள் இருப்பவை தப்பித்து, திரும்ப வரும். சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் விதி வேறு.

கதீட்டர் நழுவாமல் சிறுநீர்ப்பைக்குள் பிடித்துவைக்கும் நுனிப் பலூனை ஸ்டெரைல் வாட்டரால் (கிருமி நீக்கிய நீர்) நிரப்புங்கள். சலைன் (உப்புநீர்) போட்டால் உப்புப் படிந்து, கழற்றும்போது பலூன் சுருங்காமல் போகலாம். படிவு ஏறிய குழாயை வீட்டில் பலமாக இழுக்காதீர்கள், சிறுநீர்த்தாரை கிழியும்.

புதுக் கதீட்டரும் சில நாளிலேயே அடைத்தால், சிறுநீர்ப்பைக்குள் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கல்லுக்குள்ளேயே புரோட்டியஸ் ஒளிந்திருக்கும். பேகில் சிறுநீர் இறங்காமல், அடிவயிறு உப்பி, குழாயைச் சுற்றிக் கசிந்தால் அன்றைக்கே, அப்போதே மாற்ற வேண்டும்.