குனிந்து பால் கொடுப்பதால் வரும் முதுகு நோ

பிள்ளை பிறந்து ஒன்றிரண்டு மாதமான தாய்மார் பிசியோதெரபிக்கு என்னிடம் வந்தால் அனேகமாகக் காட்டுகிற இடம் ஒன்றுதான்: இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, பிடரிக்குக் கீழே. காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒன்று, சிசேரியனுக்கு முள்ளந்தண்டில் போட்ட ஊசி. இல்லையென்றால் பிள்ளை கல்சியத்தை எல்லாம் உறிஞ்சுகிறது. அந்த ஊசி போடுவது நாரியில், அதாவது கீழ் முதுகில். அது தோள்பட்டை வரை ஏறி வந்து நோவதில்லை. கல்சியம் மாத்திரையைக் கிளினிக்கில் சொன்னபடி குடியுங்கள், ஆனால் இந்த நோ அதனால் போகாது.

"இப்ப ஒருக்காப் பிள்ளைக்குப் பால் குடுங்க மகள், பாப்பம்" என்பேன். விஷயம் அப்போதுதான் தெரியும். கதிரை நுனியில் இருப்பார். பிள்ளை மடியில் கிடக்கும், மார்பு அதற்கு எட்டாது. அதனால் முழுதாகக் குனிந்து மார்பைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோவார். பிள்ளை கவ்வியபிறகாவது நிமிரலாம். அசைந்தால் விட்டுவிடுமோ என்ற பயத்தில் நிமிர மாட்டார். தோள் காதுவரை ஏறி, மூச்சும் அரையாக, இருபது நிமிடம் அப்படியே. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிள்ளைதான் மார்புக்கு வர வேண்டும். அதற்கு வீட்டில் கிடக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கதிரையே போதும். நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருங்கள். நாரிக்குப் பின்னால் ஒரு தலையணை. பிள்ளையின் மூக்கு முலைக்காம்புக்கு நேரே வரும் உயரத்துக்கு மடியில் ஒன்றோ இரண்டோ. மட்டக்களப்பு டவுனில் விலை கொடுத்து வாங்குகிற மெத்துமெத்தென்றவை பிள்ளையின் பாரத்தில் அமிழ்ந்துவிடும். என்னைக் கேட்டால் பழைய இலவம்பஞ்சுத் தலையணைதான் திறம். கால் நிலத்தில் முட்டாவிட்டால் ஒரு பலகைக்கட்டை. பிள்ளை கவ்வியதும் தோளை இறக்கிவிட்டுப் பின்னால் சாய்ந்து எதிர்ச்சுவரைப் பாருங்கள். பிள்ளையின் முகத்தைப் பிறகு ஆசைதீரப் பார்க்கலாம்.

இரவில் படுத்தபடியும் கொடுக்கலாம். "பால் காதுக்குள்ள போயிரும்" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். படுவான்கரையானாலும் காத்தான்குடியானாலும் இந்தப் பேச்சு ஒன்றுதான். பிள்ளையையும் சரித்து, வயிறோடு வயிறு ஒட்ட, உங்களைப் பார்த்தபடி கிடத்துங்கள். அதன் முகத்தருகே தலையணையோ போர்வையோ வேண்டாம். உங்களுக்குத் தூக்கம் சொருகினால் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கட்டும். வீட்டுக்கு வருகிற மிட்வைஃபிடம் செய்து காட்டச் சொல்லலாம். காம்பு வெடித்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். காம்பு நோகும்போது உடம்பு தானாகவே கூனும்.

பால் கொடுத்து முடிந்ததும் தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கி 5 செக்கன் பிடித்து விடுங்கள், பத்துத் தரம். அப்புறம் கதவுநிலையில் இரு கைகளையும் ஊன்றி நெஞ்சை முன்னால் தள்ளி 20 செக்கன். சுடுதண்ணீர் ஒத்தடமும் இதமாக இருக்கும்.

நெஞ்சு நோவோடு மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், காய்ச்சலோடு மார்பு சிவந்து கல்லானால், கை விறைத்துப் பிடி தளர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். என்னிடமும் வர வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் காட்டுங்கள்.