மாடிக்கு வைக்கும் இரண்டாவது ரவுட்டர்: இணைக்கும் முறையும் காக்கும் முறையும்

தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் எந்த இடத்தில் எளிதாக நுழைகிறதோ, அந்த இடத்திலேயே, வீட்டின் முதல் ரவுட்டராகவும் செயல்படும் மோடத்தைப் பொருத்திவிட்டுப் போவதுதான் இணைய நிறுவன ஊழியர்களின் வழக்கம். அந்த இடம் பெரும்பாலும் வாசலையொட்டிய அறையாக இருப்பதால் மாடி அறையிலும் பின்கட்டிலும் சிக்னல் எட்டுவதில்லை. பிள்ளைகளின் இணைய வகுப்பு, மாடியில் அமர்ந்து பார்க்கும் அலுவலக வேலை, மொட்டைமாடிக் கண்காணிப்புக் கேமரா என்று தேவைகள் கூடும்போது, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரையோ கடையில் கிடைக்கும் விலை குறைந்த புதிய ரவுட்டரையோ மாடியில் மாட்டிவிடுகிறார்கள்.

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் நெட்வொர்க் அமைப்பதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த இரண்டாவது ரவுட்டரைப் பற்றி இரண்டு செய்திகளை வலியுறுத்த விரும்புகிறேன். அதைத் தவறாக இணைத்தால் வீட்டில் ஏற்கெனவே நன்றாக இருந்த இணைப்பும் கெடும். சரியாக இணைத்துவிட்டு, அதன் பாதுகாப்பு அமைப்புகளைத் தொடாமல் விட்டால், கீழே உள்ள மோடத்துக்கு எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்திருந்தாலும் பயனில்லை. முதல் தவறு உடனே தெரிந்துவிடும். இரண்டாவது தவறு ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் என்பதால், அதைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

முதலில், இன்னொரு ரவுட்டர் தேவைதானா என்று பார்த்துவிட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களை ஓரளவு கடந்து செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அதைவிட வேகம் தந்தாலும் சில சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, நீர் நிறைந்த தொட்டி ஆகியவை இரண்டையுமே தடுக்கும். டிவி அலமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் மோடத்தைக் கூடத்தின் நடுப்பகுதிக்கு, திறந்த இடத்தில், சற்று உயரத்தில் மாற்றினாலே சில வீடுகளில் குறை தீர்ந்துவிடுகிறது. ஃபைபர் கேபிளை நீங்களே இழுத்து மடக்க வேண்டாம். கூர்மையாக மடங்கிய இடத்தில் ஒளி கசிந்து இணைப்பு பலவீனமாகும். இடமாற்றத்தை நிறுவனத்தின் ஆளிடமே விட்டுவிடுவது நல்லது. சிக்னலை அளக்கப் போனில் இலவசச் செயலிகள் உள்ளன. அவை காட்டும் டிபிஎம் என்ற அலகில், எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. மைனஸ் 67 டிபிஎம் அளவுக்கோ அதைவிட நன்றாகவோ கிடைத்தால் வீடியோ அழைப்புக்குத் தடையிராது. மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

தேவைதான் என்றால், இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே கேபிள் போட முடியுமா என்பதே அடுத்த கேள்வி. முடியும் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. கேபிள் இல்லாமல் காற்றிலேயே சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களில், ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பவை ஏறத்தாழப் பாதி வேகத்தை இழந்துவிடும். அவற்றைச் சிக்னலே இல்லாத அறையில் மாட்டுவது இன்னொரு பரவலான தவறு. தனக்கே நல்ல சிக்னல் கிடைக்காத ரிப்பீட்டர் மற்றவற்றுக்கு எதைத் தரும்? மோடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவழியில்தான் அதை மாட்ட வேண்டும். பல சிறு ரவுட்டர்கள் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக இயங்கும் மெஷ் எனப்படும் தொகுப்புகள் இதை மேம்பட்ட முறையில் செய்கின்றன என்றாலும், அவற்றையும் கேபிளால் இணைத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

கேபிள் வாங்கும்போது ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். கேட் 5இ அல்லது கேட் 6 வகை கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ஆனால் அப்படி அச்சிட்டு விற்கப்படும் எல்லாமே செம்புக் கம்பிகள் அல்ல. உறையைச் சீவி, உள்ளே பின்னியிருக்கும் கம்பிகளில் ஒன்றைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். செம்பாக இருந்தால் சுரண்டிய இடமும் செந்நிறமாகவே இருக்கும். வெள்ளியைப் போல வெளுத்துத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியக் கம்பி. அது மடக்கினால் எளிதில் ஒடியும். நீளம் கூடக் கூடச் சிக்னலைப் பலவீனமாக்கும். சுவருக்குள் குழாயில் ஒருமுறை இழுத்துவிட்ட கேபிளை மாற்றுவது பெரும்பாடு என்பதால், இந்த இடத்தில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

230 வோல்ட் மின்கம்பி போகும் குழாயிலேயே நெட்வொர்க் கேபிளையும் இழுப்பது ஆபத்தானது. அதை எலெக்ட்ரீஷியன் பரிந்துரைத்தாலும் ஏற்காதீர்கள். வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோக நேர்ந்தால் வெயில் தாங்கும் உறையுள்ள கேபிளை வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழையில் அத்தகைய கேபிள் வழியாக மின்னலின் தாக்கம் நுழைந்து இரு முனைகளிலும் போர்ட்டுகள் கருகியதைப் பார்த்திருக்கிறேன். இடி தொடங்கும் முன்பே இரு முனைகளையும் கழற்றி வைப்பது நல்லது.

நுனியில் பிளக் அடிப்பவர் எட்டுக் கம்பிகளையும் இணைக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கு கம்பிகளை மட்டும் இணைத்தாலும் நெட் வரும். ஆனால் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் ஏறாது. பழைய ரவுட்டர்கள் பலவற்றின் போர்ட்டுகளுக்கே அந்த வரம்பு உண்டு. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுபவர் அத்தகைய ரவுட்டரை மாடியில் வைத்துவிட்டு நிறுவனத்தைக் குறை கூறிப் பயனில்லை.

இனி, அதிகமான வீடுகளில் பிழை நேரும் இடத்துக்கு வருவோம். ரவுட்டரின் பின்புறம் வேறு நிறத்தில் தனித்திருக்கும் துளை வேன் போர்ட்; வெளியிலிருந்து இணையத்தை வாங்குவது அதுவே. ஒரே நிறத்தில் வரிசையாக இருப்பவை வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான லேன் போர்ட்டுகள். கீழே இருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் செருகினால், இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று இன்னொரு நெட்வொர்க்கையே உருவாக்கிக்கொள்கிறது. மாடியில் உள்ள போனின் வைஃபை விவரங்களைத் திறந்து பார்த்தால், நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி, எடுத்துக்காட்டாக, 192.168.0 என்று தொடங்கும். கூடத்து டிவியின் முகவரியோ 192.168.1 என்று தொடங்கும். இணையம் இரண்டிலும் வரும். ஆனால் மாடியிலிருந்து அந்த டிவிக்குப் படத்தை அனுப்பவோ, போன் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடிக்கவோ முடியாது. வெளியூரிலிருந்து கேமராவைப் பார்ப்பதும் சில விளையாட்டுகளும், இரண்டு ரவுட்டர்களும் அடுத்தடுத்து முகவரியை மாற்றி அனுப்புவதால் தடுமாறும்.

கேபிளை லேன் போர்ட்டில் செருகிவிட்டு வேறு எதையும் மாற்றாமல் விடுவது இதைவிட மோசம். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி வழங்கும் பணியை டிஹெச்சிபி என்ற சேவை செய்கிறது. அந்தச் சேவை இரண்டு ரவுட்டர்களிலும் ஓடினால், ஒரே தெருவுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் கதவு எண் ஒட்டிச் செல்வதைப் போன்ற குழப்பம் வரும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்களின் முகவரியைக் கருவி ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது ரவுட்டரிடம் முகவரி வாங்கிய கருவிக்கு வெளியே செல்லும் வழி கிடைக்காது. "சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, நெட் மட்டும் வரவில்லை", "காலையில் வந்தது, சாயங்காலம் வரவில்லை" என்ற புகார்களுக்குப் பின்னால் பல நேரங்களில் இதுவே இருக்கிறது. இணைய நிறுவனத்துக்கு எத்தனை முறை போன் செய்தாலும் இது தீராது.

சரியான முறை கடினமானதன்று. மோடத்துடன் இணைக்கும் முன் இரண்டாவது ரவுட்டரைத் தனியாக இயக்கி, பின்னால் உள்ள ரீசெட் பொத்தானை ஏறத்தாழ 10 விநாடி அழுத்திப் பழைய அமைப்புகளை அழித்துவிட்டு, ஒரு லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் இணையுங்கள். லேப்டாப்பின் பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் உருவாக்காமல் சிக்னலை மட்டும் பரப்பும் முறை) என்ற தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் அமைத்து, பிறகு அந்த ரவுட்டரின் சொந்த முகவரியை முதன்மை மோடத்தின் வரிசையிலேயே, ஆனால் மோடம் மற்றவற்றுக்கு வழங்கும் முகவரிகளில் சேராத ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். மோடம் 192.168.1.1 ஆக இருந்து, அது 200 வரை மட்டுமே வழங்கும்படி வரம்பு வைத்தால், இதற்கு 192.168.1.250 என்று வைக்கலாம். டிஹெச்சிபியைக் கடைசியில் நிறுத்துங்கள். முதலிலேயே நிறுத்தினால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் பாதி வேலையில் வெளியே நிற்க நேரும். அதன் பின் மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகி, வேன் போர்ட்டைக் காலியாக விட்டுவிட வேண்டும். புதிய முகவரியைத் தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும். கூடுதல் வேகம் கிடைக்கும் என்று எண்ணி இரண்டாவது கேபிளையும் செருகினால் தகவல்கள் வட்டமடித்து வீட்டு நெட்வொர்க் முழுவதும் முடங்கிவிடும்.

இரண்டிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் ஒரே பாதுகாப்பு வகையும் இருந்தால், படியேறும்போது போன் தானாகவே மாறிக்கொள்ளும். அலைவரிசைக்குள் உள்ள தடங்களான சேனல்கள் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால், கீழே 1 வைத்தால் மேலே 6 அல்லது 11 வைக்கலாம். எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான், ரவுட்டர் அல்ல. மாடிக்கு வந்த பிறகும் கீழ்ச் சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும் போன்களுக்காக, ரவுட்டர்களின் சிக்னல் ஆற்றலை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம்.

இனிப் பாதுகாப்பு. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடிக் கைப்பற்றியது. அதற்கு அது பயன்படுத்திய பட்டியலில் இருந்தவை ஏறத்தாழ அறுபது இணைகள் மட்டுமே. 2018-இல் கண்டறியப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், குறைந்தது ஐந்து லட்சம் வீட்டு, சிறு அலுவலக ரவுட்டர்களையும் அவை போன்ற கருவிகளையும் பாதித்தது. மோடத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ரவுட்டரை வெளியிலிருந்து நேரடியாக எட்டுவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் அதன் சிக்னல் தெருவரை கேட்கிறது; வீட்டுக்குள் இருக்கும் ஏதேனும் ஒரு கருவி கெட்டுப்போனால் அதன் வழியாகவும் அதை எட்டலாம்.

ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறாக இருக்க வேண்டும். வைஃபை கடவுச்சொல் இல்லாமலே ஓர் எண்ணைக் கொண்டு கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். அதன் எட்டிலக்க எண் இரண்டு பகுதிகளாகத் தனித்தனியே சரிபார்க்கப்படுவதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியானது. பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ 2 அல்லது 3 இருக்க வேண்டும். பழைய ரவுட்டரில் டபிள்யூஇபி என்ற பழைய வகை மட்டுமே இருக்கிறதென்றால், அந்தப் பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அதைப் பயன்படுத்தவே கூடாது. தயாரிப்பாளரின் தளத்தில் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகளாக எதுவும் வரவில்லை என்றால், அந்த மாதிரி கைவிடப்பட்டதாகவே கொண்டு வேறொன்றை வாங்குமாறு என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன்.

மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். குடியிருப்பவருக்குத் தனி ரவுட்டரை வேன் போர்ட் வழியாக இணைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டும் பிரிந்துவிட்டன என்று பல வீட்டுக்காரர்கள் நம்புகிறார்கள். கீழிருந்து மேலே போக முடியாதே தவிர, மேலிருந்து கீழே தாராளமாக வரலாம். மாடியில் இருக்கும் ரவுட்டருக்கு உங்கள் வீட்டு நெட்வொர்க்கும் வெளி உலகின் ஒரு பகுதியே என்பதால், முகவரி தெரிந்தால் உங்கள் கேமரா பதிவுக் கருவியின் நுழைவுப் பக்கம் மாடியில் திறக்கும். ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைத்த பல ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபையும் உண்மையான பிரிவைத் தருவதில்லை. குடியிருப்பவர் தமக்கென ஓர் இணைப்பு வாங்கிக்கொள்வதே இருவருக்கும் நல்லது.

இதில் சட்டப் பக்கமும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரின் வீட்டிலிருந்த பாதுகாப்பற்ற வைஃபை வழியாகச் சென்றிருந்தது. தொடர்பே இல்லாத அவர் விசாரணைக்கு உட்பட வேண்டியிருந்தது. எந்த ரவுட்டர் வழியாகச் சென்றாலும், வெளியுலகுக்குத் தெரியும் முகவரி உங்கள் பெயரில் பதிவான இணைப்பின் முகவரிதான்.

இரண்டாவது ரவுட்டரையும் இன்வெர்ட்டரிலோ சிறு யுபிஎஸ்ஸிலோ சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது மாடிக் கேமராவும் நின்றுவிடும். பழைய ரவுட்டரை யாருக்காவது கொடுக்கவோ பழைய இரும்புக் கடையில் போடவோ நேர்ந்தால், அதற்கு முன் ரீசெட் செய்துவிடுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல்லும், சிலவற்றில் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள் அப்படியே பதிந்திருக்கும்.