எதற்கும் தலையாட்டும் தோழன்

செயற்கை நுண்ணறிவைப் பற்றி என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைக்கு அது தகாத விஷயம் எதையாவது சொல்லிக்கொடுத்துவிடுமா?" நியாயமான பயம். ஆனால் பிள்ளைகளோடு பேசும்போது நான் அதிகம் காண்பது வேறொரு சிக்கல். அவர்கள் எதைச் சொன்னாலும் சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலி ஆமாம் போடுகிறது. நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருகிறது. "இதையே எத்தனை தடவை சொல்வாய்?" என்று அலுத்துக்கொள்வதில்லை. மனம் நொந்திருக்கும் பிள்ளை வேறு எங்கே போகும்?

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நெருங்கிய தோழியுடன் அவளுக்கு மனத்தாங்கல். அம்மாவிடம் போனால் "நீ என்ன செய்தாய்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். செயலியிடம் கொட்டினாள். "உன் வலி புரிகிறது. உன்னை மதிக்காதவர்களை விட்டு விலக உனக்கு உரிமை உண்டு" என்று பதில் வந்தது. கொடுமைக்கு ஆளான பெரியவர் ஒருவருக்கு அது பொருத்தமான வார்த்தையாக இருந்திருக்கும். இரண்டு சிறுமிகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட சண்டைக்கு அது பொருந்துமா? அடுத்த சில வாரங்களில் அவள் வகுப்பில் ஒவ்வொருவராக விலக்கிவிட்டுத் தனியே உட்காரத் தொடங்கியிருந்தாள்.

நான் அறிவுரை சொல்லவில்லை. புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, அந்தத் தோழி எழுதுவதுபோல அதே சண்டையை எழுதிப் பார்க்கச் சொன்னேன். தோழிக்கும் அதே ஆறுதல், அதே "உன் வலி புரிகிறது", விலகிக்கொள்ள அதே உரிமை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அவள் பக்கமும் பேசுகிறதே!" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. வீட்டிலும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து பார்க்கலாம்.

செயலி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். பத்து வயதில் நன்றாகவே புரிகிறது. எழுதியதைப் பார்த்து அடுத்து வரக்கூடிய சொற்களைக் கணித்துக் கோக்கும் இயந்திரம் அது. எந்தப் பதில் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்பதைக் கொண்டு அதைப் பழக்கியிருக்கிறார்கள். நமக்கு எந்தப் பதில் பிடிக்கும்? நம்மோடு ஒத்துப்போகிற பதில்தான். சாட்ஜிபிடியின் புதுப்பிப்பு ஒன்று அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று ஒப்புக்கொண்டு, 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது.

"என் மகன் புத்திசாலி, இயந்திரம் என்று அவனுக்குத் தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். தெரிந்திருப்பது மட்டும் காப்பாற்றாது. 1966இல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற எளிய உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் எழுதுவதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதற்கு மேல் அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவர் அதை உருவாக்கியதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு கொஞ்சம் பேசிய பிறகு, வைசன்பாமை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். இன்றைய செயலிகளோ பெயர் சொல்லி அழைக்கின்றன, நேற்றுப் பேசியதை நினைவில் வைத்திருக்கின்றன. கதாபாத்திரமாகவோ காதலராகவோ நடிக்கும் செயலிகள் இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்கின்றன. அப்படி ஒரு பாத்திரத்தோடு பல மாதங்கள் உரையாடிவந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உயிரை மாய்த்துக்கொண்டான். தாய் வழக்குத் தொடுத்தார். எந்தத் தற்கொலைக்கும் ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்ட முடியாது. ஆனாலும் கேரக்டர் ஏஐ என்ற அந்த நிறுவனம், 18 வயதுக்குட்பட்டோர் பாத்திரங்களோடு கட்டற்று உரையாடுவதை 2025 நவம்பரில் நிறுத்தியது. இப்படித் துணையாக நடிக்கும் செயலிகள் பதின்வயதினருக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பொதுவான செயலிகளுக்குச் சில ஏற்பாடுகள் போதும். சாட்ஜிபிடியை 13 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தக் கூடாது என்பது ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விதி. பதின்வயதினரின் கணக்கைப் பெற்றோர் கணக்கோடு இணைக்கும் வசதி 2025 செப்டம்பரில் வந்தது. நேரத்தை வரையறுக்கலாம், நினைவில் வைப்பதை நிறுத்தலாம். இரவில் கைபேசி பிள்ளையின் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

இதையெல்லாம் விடக் கடினமானது, பிள்ளையின் உரையாடல் தற்செயலாக உங்கள் கண்ணில் படும் தருணம். அதில் உங்களைப் பற்றிய குறை இருக்கும். "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது" என்றுகூட எழுதியிருக்கும். அதை உரக்கப் படித்துக்காட்டி நியாயம் கேட்காதீர்கள். கைபேசியைப் பிடுங்கவும் வேண்டாம். அடுத்த முறை அந்த உரையாடல் உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். பார்த்துவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். "நீ இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாய், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அது என்ன பதில் சொன்னது? உனக்கு அது சரியாகப் பட்டதா?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். பிள்ளை பேச ஆரம்பிக்க நேரமாகும். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் நாம் அறிவுரையைக் கொட்டிவிடுகிறோம்.

உரையாடலில் சாவைப் பற்றியோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பல பிள்ளைகளுக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்று மூச்சு வருகிறது. அவனை அல்லது அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். எப்போதிலிருந்து, எந்த நேரங்களில், எந்தச் சொற்களில் அந்த எண்ணம் வந்திருக்கிறது என்பதை மருத்துவர் அதில் பார்க்க முடியும்.