தைத்தால் கிழியும் ரத்தக்குழாய்

கானாடுகாத்தான் பக்கத்துப் பையன், 27 வயது. வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்ததில், மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் புடைத்திருந்தது. வெளியூரில் தொடைவழியே ஆஞ்சியோகிராம் செய்திருக்கிறார்கள். குத்திய இடம் கிழிந்து, தொடையெல்லாம் ரத்தம் கட்டித்தான் என்னிடம் வந்தான். பிழைத்துக்கொண்டான். சித்தப்பா ஒருவர் இளவயதில் வயிறு வீங்கி ஒரே ராத்திரியில் போனதை அப்பத்தா சொன்னது மூன்றாம் நாள். அங்கே யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. இந்த வருடம் இது இரண்டாவது.

நோயின் பெயர் வாஸ்குலர் எலர்ஸ்-டான்லோஸ். ரத்தக்குழாய்க்கும் குடலுக்கும் உறுதி தரும் புரதமான மூன்றாம் வகை கொலாஜன் பழுது. (சொந்தத்தில் கட்டியதால் வந்ததல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அத்தை மகளோ அசலோ.)

தொடை வீக்கம் வடிந்ததும் கேட்டார்கள்: “அந்தப் புடைப்பையும் தைச்சு விட்டுடுங்களேன் டாக்டர்.” எத்தனை பேருக்குத்தான் சொல்வது! நல்ல குழாய் புதுக் கண்டாங்கி மாதிரி, இழுத்துத் தைக்கலாம். இது ஐம்பது வருடம் பெட்டகத்தில் மடிந்து கிடந்த சேலை. தையல் நிற்கும், அதன் பக்கத்தில் விடும். அங்கே தைத்தால் அதற்கும் பக்கத்தில். குழாயைக் கவ்வும் கிளாம்பே கிழிக்கும். தையலுக்கு அடியில் சின்னத் துணித்துண்டு வைத்தும், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முடிச்சுப் போடுவோம். அதனால் பல புடைப்புகளைத் தொடாமல் கண்காணிப்போம். கசிந்தாலோ வேகமாகப் பெருத்தாலோ கை வைத்துத்தான் ஆகவேண்டும். முடிந்த இடத்தில் உள்ளே மெல்லிய கம்பிச்சுருள் வைத்து அடைப்போம். சும்மா இருப்பது சோம்பேறித்தனம் இல்லை, அய்யா. 2010-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், செலிப்ரோலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை எடுத்தவர்களுக்குக் குழாய் கிழிவது குறைந்தது. கத்தியால் அல்ல, மாத்திரையால்.

தொட்டாலே தோல் கன்றுகிறதா? நெஞ்சில் பச்சை நரம்பு துலக்கமாகத் தெரிகிறதா? குடும்பத்தில் இளவயதில் குடல் கிழிந்தவர், திடீரென்று போனவர் உண்டா? ஊசி குத்துமுன் வாயைத் திறந்து சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் முதலில் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ, அதற்குத் தமனியைக் குத்த வேண்டாம். பேதிக்கு மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். அதனால் பெருந்தமனி கிழியலாம் என்று, இந்த நோயாளிகளைக் குறிப்பிட்டே 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. சலூனில் கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள். பெண்கள், தயவுசெய்து, கருத்தரிக்கும் முன்பே வாருங்கள்.

பையனின் தங்கைக்கு வரன் பார்க்கிறார்களாம். அதனால்தான் சித்தப்பா கதை வெளியே வரவில்லை. ஆச்சி, ஜாதகத்தைக் கொடுக்குமுன் அந்தப் பிள்ளையை ஒருதரம் கூட்டி வாங்க. மரபணுச் சோதனைக்குக் கைநரம்பில் எடுக்கும் கொஞ்சம் ரத்தம் போதும்.