ஆத்திரமும் ஒரு நொதியும்

நரம்பு செல்கள் சேதி பரிமாறச் சுரக்கும் செரோட்டோனின், டோபமின், நார்எபிநெஃப்ரின் ஆகியவற்றை வேலை முடிந்ததும் சிதைத்தாக வேண்டும். அதைச் செய்யும் நொதிகளில் ஒன்று மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதிலுள்ள மரபணு பழுதானால் ஈடுகட்ட மாற்றுப் பிரதி இல்லை.

1993-இல் மரபியலாளர் ஹான் புருன்னரின் குழு நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் இந்தப் பழுதைக் கண்டது. மரபணுவின் 936-ஆம் இடத்தில் டி.என்.ஏ. எழுத்து ஒன்று மாறியதால், குளூட்டமின் என்ற அமினோ அமிலத்துக்கான குறியீடு 'நிறுத்து' என்ற குறியீடாகிவிட்டது. நொதி முழுதாக உருவாகவில்லை. இந்தப் பழுதைப் பெற்ற ஆண்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு; சட்டென்று வெடிக்கும் ஆத்திரம்; சிலர் தீ வைப்பதுவரை போனார்கள்.

செரோட்டோனின் பொதுவாக உந்துதலை அடக்க உதவுவது. அது சிதையாமல் தேங்கினால் ஆத்திரம் தணியத்தானே வேண்டும்? விடை மூளை வளரும் பருவத்தில் இருக்கிறது. இந்த நொதி இல்லாத சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் செரோட்டோனின் ஒன்பது மடங்குவரை ஏறியது. மீசைமயிர்களின் தொடுவுணர்வை வாங்கும் புறணிப் பகுதியில் (புறணி மூளையின் வெளியடுக்கு) நரம்பிழைகள் தனித்தனித் திட்டுகளாகப் பிரியவே இல்லை. பிறந்த முதல் சில நாட்களில் செரோட்டோனின் உற்பத்தியை மருந்தால் தடுத்தபோது திட்டுகள் உருவாயின. நொதி இல்லாமல் வளர்ந்த ஆண் எலிகளோ கூட இருந்தவற்றைக் கடித்துக் காயப்படுத்தின. நொதிக் குறை மூளையின் இணைப்புகள் அமையும் விதத்தையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இதுவே வலுவான சான்று.

அந்தக் குடும்பத்தின் பழுது மிக அரிது. பரவலாகக் காணப்படுவது வேறு: மரபணுவின் முன்பகுதியில் 30 எழுத்துள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. 4 முறை வந்தால் நொதி அதிகம், 3 முறை என்றால் குறைவு. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தது முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆண்களிடம் இது ஆராயப்பட்டது. முடிவு 2002-இல் வெளிவந்தது. குறைந்த நொதி வகை, குழந்தைப் பருவக் கொடுமை இரண்டும் சேர்ந்தவர்கள் 12 சதவீதமே. வன்முறைக் குற்றத் தண்டனைகளில் அவர்கள் பங்கு 44 சதவீதம். கொடுமைக்கு ஆளாகாதவர்களிடம் இந்த வகை வன்முறையைக் கூட்டவில்லை.

2009-இல் இத்தாலியின் த்ரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய மரபணுச் சோதனைகளையும் கணக்கில் கொண்டு ஒரு கொலையாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. அறிவியல் அதற்கு இடம்தரவில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குறைந்த நொதி வகை உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொன்றதில்லை.