டோல்கேட் பணத்தில் என்னென்ன அடக்கம்? வடசென்னையிலிருந்து நெடுந்தூரம் கிளம்புபவர்களுக்கு

செங்குன்றம் தாண்டி நல்லூர் டோல்கேட்டில் கழியும் பணம் தார் போடத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். வண்டி நடுவழியில் மக்கர் பண்ணினால் ஓரங்கட்ட வரும் கிரேன், அடிபட்டால் வரும் ஆம்புலன்ஸ், சாலையில் சுற்றிவரும் ரோந்து வண்டி, டோல்கேட்டை ஒட்டிய கழிவறை எல்லாமே அந்தச் சாலையின் சேவைக் கணக்கில்தான் வருகின்றன. கேட்காமல் விடுவது நாம்தான். பைக்கில் போகிறவருக்கு டோல் கிடையாது. ஆனால் உதவி அவருக்கும் உண்டு.

கேட்பதற்கான எண் 1033. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் இது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். நெல்லூர் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 16, புழலில் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை போகும் சென்னை பைபாஸ், பெங்களூரு சாலை, திருச்சி சாலை எல்லாவற்றுக்கும் இதே எண்தான்.

போன் போட்டதும் முதலில் கேட்பது, எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான். "காரனோடை பாலம் தாண்டி ஒரு புளியமரம் இருக்கு சார்" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இறங்கிச் சாலையோரக் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள், கீழே வெள்ளை என்றால் அது தேசிய நெடுஞ்சாலை. தலை பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் இருக்கும் கிலோமீட்டர் எண், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள், கடைசியாகத் தாண்டிய டோல்கேட் எது, இந்த மூன்றையும் சொன்னால் போதும். பக்கத்தில் கல் இல்லையென்றால் மூன்றாவதையாவது சரியாகச் சொல்லுங்கள். டோல்கேட் அருகே உள்ள பலகையில் ஆம்புலன்ஸ், கிரேன், ரோந்து வண்டி ஆகியவற்றின் எண்கள் எழுதியிருக்கும். கடக்கும்போதே பக்கத்தில் இருப்பவரை ஒரு போட்டோ எடுக்கச் சொல்வது நல்லது.

கிரேன் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். போக்குவரத்தை மறிக்காத பத்திரமான இடத்துக்கு வண்டியை நகர்த்துவதுதான் அதன் வேலை. அங்கிருந்து மாதவரம் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவருவது நம் செலவு. உங்கள் இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மீஞ்சூரிலிருந்து வண்டலூர் போகும் வெளிவட்டச் சாலையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரையிலான பகுதியும் மாநில அரசின் கையில் உள்ளவை. அங்கே 1033-ஐ நம்பி நிற்காதீர்கள். விபத்து என்றால் 108, மற்ற அவசரங்களுக்கு 112.

அடுத்தது கழிவறை. தூரப் பயணம் என்றால் முந்தின இரவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை வீட்டில்! வழியில் எங்கே போவது என்ற பயம்தான் காரணம். பெட்ரோல் பங்க்கில் கழிவறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று, முதலுதவிப் பெட்டி இவை இருக்க வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்க் நடத்துபவர்களுக்கு வைத்திருக்கும் விதி. டீசல் போட்டால்தான் கழிவறைச் சாவி என்று ஒரு விதியும் இல்லை. பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். தர மறுத்தால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். அதையும் அவர்கள் வைத்திருந்தாக வேண்டும். பெரும்பாலும் புத்தகத்தைக் கேட்டதுமே சாவி வந்துவிடும்.

டோல்கேட்டில் உள்ள கழிவறை நாறிக் கிடந்தால் 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியில் போட்டோவுடன் புகார் செய்யலாம். ஆணையம் கட்டிப் பராமரிக்கும் கழிவறைகள் அசுத்தமாக இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், ஃபாஸ்டேகில் ரூ.1,000 ஏற்றித் தருகிறோம் என்று 2025 அக்டோபரில் ஒரு திட்டமே தொடங்கினார்கள். பங்க், தாபா கழிவறைகள் அதில் சேரவில்லை.

2024 அக்டோபரில் மத்திய அரசு 'ஹம்சஃபர்' கொள்கையை அறிவித்தது. சுத்தமான கழிவறை, குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனி அறை, சக்கர நாற்காலி வசதி, வண்டி நிறுத்துமிடம், மின்சார வண்டிக்குச் சார்ஜர், தங்கும் அறை இதெல்லாம் நெடுஞ்சாலையோரம் தரமாகக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஏற்கெனவே நடக்கும் பங்க், ஹோட்டல், தாபாக்களும் பதிவு செய்துகொள்ளலாம், பயணிகள் மதிப்பெண் போடலாம். நல்ல யோசனைதான். ஆனால் காகிதத்தில் வந்த வேகத்துக்குத் தரையில் வரவில்லை என்பது என் எண்ணம். இப்போதைக்குப் பெரிய பங்க் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

மணலி, எண்ணூர், மாதவரம் என்று லாரித் தொழிலில் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. டிரைவருக்கு ஓய்வு என்பது முதலாளி மனசு வைத்துக் கொடுப்பதில்லை, சட்டப்படி வர வேண்டியது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வரும் வரை அமலில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. சரி, படுப்பது எங்கே? தேர்ந்தெடுத்த பங்க்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் லாரி டிரைவர்களுக்குப் படுக்கை, குளிக்கும் இடம், சொந்தமாகச் சமைத்துக்கொள்ளும் வசதியோடு ஓய்விடங்கள் கட்டியிருக்கிறார்கள். அதே பெயரில் உள்ள செயலியில் முன்பதிவு செய்யலாம். எது எப்படியோ, சாலையோரத்தில் டிரெய்லரை நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டாம். இருட்டில் பின்னால் வருபவனுக்கு நிற்கிற வண்டி எது, ஓடுகிற வண்டி எது என்று தெரியாது. லாரி நிறுத்தவென்று சாலையோரம் ஒதுக்கிய இடம் வரும் வரை மெதுவாகவாவது ஓட்டிப் போய்விடுங்கள்.

டோல்கேட் பாஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார், ஜீப், வேனுக்கு ஆண்டு பாஸ் உண்டு. அறிமுகமானபோது விலை ரூ.3,000. ஓராண்டு அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். இங்கே பயணம் என்பது ஒரு டோல்கேட்டை ஒருமுறை கடப்பது. போய்த் திரும்பினால் இரண்டு. மஞ்சள் போர்டு டாக்சிக்குக் கிடையாது, வெளிவட்டச் சாலையிலும் செல்லாது. மாதம் ஒருமுறை திருச்சிக்கோ பெங்களூருக்கோ போகிறவருக்கு லாபம்தான். ஆனால் செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் தினமும் காரில் போகிறவருக்கு 200 சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். அவருக்கு ஏற்றது உள்ளூர் மாதப் பாஸ். டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் சொந்த உபயோக வண்டிக்கு 2025-26இல் அது மாதம் ரூ.350. முகவரிச் சான்றும் ஆர்.சி. புத்தகமும் எடுத்துக்கொண்டு டோல்கேட் அலுவலகத்திலேயே கேளுங்கள். அப்புறம், ஃபாஸ்டேகில் போதிய பணம் இருந்தும் அவர்களுடைய கருவி படிக்கவில்லை என்றால் பணம் கேட்கக் கூடாது. பூஜ்ஜியக் கட்டண ரசீது கொடுத்து விட வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் மாநில எல்லைக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்பது முக்கியம். தமிழ்நாட்டுக்குள் என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் என்றால் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. இரண்டு பக்கமும் 108 வேலை செய்யும்.

வழியில் வேறு யாரோ அடிபட்டுக் கிடந்தால், போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவரைக் காப்பாற்றுகிறது. நல்லெண்ணத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயரையும் போன் நம்பரையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் முடியாது. ஆனால் படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு மத்திய அரசு தரும் ரூ.25,000 பரிசு வேண்டுமென்றால் விவரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.