கொரியாவுக்குப் போன பந்துவீச்சாளரின் கையில் எது மாறியது?

2022-ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் எரிக் ஃபெடிக்கு மோசமான ஆண்டு. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காக வீசிய அவர், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.81 ரன் விட்டுக்கொடுத்தார். 2014-இல் புதிய வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்திருந்த அந்த அணி, நவம்பரில் புதிய ஒப்பந்தம் தராமல் கைவிட்டது. புதிதாக வரும் வெளிநாட்டு வீரருக்கு முதல் ஆண்டில் பத்து லட்சம் டாலருக்கு மேல் தரக்கூடாது என்ற விதியுள்ள கொரிய லீகுக்கு அவர் போனார். சாங்வோன் நகரின் என்சி டைனோஸ் அணிக்காக 2023-இல் அவர் பெற்றது 20 வெற்றி, 209 ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது). சராசரியோ 2.00. ஒரே பருவத்தில் 20 வெற்றியும் 200 ஸ்டிரைக் அவுட்டும் எடுத்தவர், 1986-இல் சன் டோங் யோலுக்குப் பிறகு அதுவரை யாருமில்லை. 2023-இன் மிகச்சிறந்த வீரர் விருதும் ஃபெடிக்கே கிடைத்தது.

கொரிய லீகின் தரம் குறைவு, அதனால்தான் ஜெயித்தார் என்று சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்தக் கதையின் சுவையான பகுதியைத் தவறவிடுகிறார்கள். ஃபெடியின் வேகம் பெரிதாகக் கூடவில்லை. அப்போதும் இப்போதும் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். மாறியது பந்து காற்றில் போகும் பாதை. கொரியாவுக்குக் கிளம்பும் முன், அரிசோனாவில் ஒரு பயிற்சி மையத்தில் ‘ஸ்வீப்பர்’ என்ற புதிய வீச்சை அவர் பழகிக்கொண்டார். சேஞ்சப் என்ற மெதுவான பந்தைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றினார்.

பேஸ்பாலில் வீசுபவரின் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் தட்டு வரை 18.44 மீட்டர். கையை நீட்டி விடுவதால் பந்து கடக்கும் தூரம் 17 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 150 கிலோமீட்டர் வேகப் பந்து அதைச் சுமார் 0.4 வினாடியில் கடக்கிறது. மட்டையைச் சுழற்றவே கிட்டத்தட்ட 0.15 வினாடி ஆகும். ஆகவே அடிப்பதா, விடுவதா என்ற முடிவைப் பந்து பாதி வழி வரும்போதே எடுத்தாக வேண்டும். மீதிப் பாதியில் பந்து எங்கே போகும் என்பது மட்டையாளரின் ஊகம் மட்டுமே. அந்த ஊகத்தைப் பொய்யாக்குவதுதான் பந்துவீச்சாளரின் தொழில்.

அந்த 0.4 வினாடியில் புவியீர்ப்பு மட்டும் வேலை செய்தால் பந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இறங்கும். சுழற்சி இதை மாற்றுகிறது. நிமிடத்துக்கு 2,500 முறை சுழலும் பந்து, தட்டை அடைவதற்குள் பதினேழு தடவை சுற்றுகிறது. பின்னோக்கிச் சுழலும் வேகப்பந்து, தன்னைச் சுற்றிப் பாயும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. பதிலுக்குக் காற்று பந்தை மேலே தள்ளுகிறது. 1852-இல் ஹைன்ரிக் மேக்னஸ் ஆராய்ந்து விளக்கியதால் இதற்கு மேக்னஸ் விசை என்று பெயர். நல்ல வேகப்பந்து இந்த விசையால் சுமார் 40 சென்டிமீட்டர் குறைவாக இறங்குகிறது. பந்து எழும்புவதாக மட்டையாளர்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் அது எழும்புவதில்லை. அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை, அவ்வளவுதான்.

ஸ்வீப்பரில் சுழற்சி அச்சு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. அதனால் விசை பக்கவாட்டில் திரும்புகிறது. வலக்கை வீச்சாளரான ஃபெடியின் ஸ்வீப்பர், வலக்கை மட்டையாளரிடமிருந்து விலகி ஓடும். நல்ல ஸ்வீப்பரின் வளைவு 40 சென்டிமீட்டரைத் தொடும். தட்டின் அகலமே 43 சென்டிமீட்டர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் வருவதாகத் தோன்றிய பந்து, மட்டை வந்து சேரும்போது அங்கே இருக்காது. ஃபெடியின் சிங்க்கர் என்ற வேகப்பந்தோ இதற்கு எதிர்ப்பக்கம் வளைகிறது. ஒரே கை அசைவில், ஒரே இடத்திலிருந்து புறப்படும் இரண்டு பந்துகள் இருவேறு திசையில் பிரிகின்றன. பாதி வழியில் அவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினம்.

மேக்னஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஸ்வீப்பர் அந்தக் கணக்கைவிட அதிகமாகவே வளைகிறது. மிச்ச வளைவைத் தருவது தையல். கிரிக்கெட் பந்தின் தையல் நடுவில் ஒரு வளையமாக ஓடுகிறது. அது ஒரே திசையைப் பார்த்து நிற்கும்படி விட்டால் ஸ்விங் ஆகிறது என்பது நமக்குத் தெரியும். பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள் பந்தையே சுற்றி நெளிந்து செல்கின்றன. பந்து சுழலும்போது தையல் காற்றில் மாறி மாறி வந்து போகிறது. பந்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கு ஓரிடத்தில் பந்தைவிட்டுப் பிரியும். பிரியப்போகும் அந்த இடத்தில் தையல் குறுக்கிட்டால், காற்று முன்னதாகவே பிரிந்துவிடும். அச்சைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால், ஒரு பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் தையல் அந்த இடத்துக்கு வரும், மறுபக்கத்தில் வராது. பந்தின் பின்னால் இழுபடும் காற்றுச் சுவடு ஒரு பக்கமாகச் சாய்கிறது, பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் ஸ்மித்தின் குழு, பறக்கும் பந்தைச் சுற்றியுள்ள காற்றைப் படமெடுத்து இதைக் காட்டியது. பல தலைமுறை வீச்சாளர்கள் விரலால் மட்டும் அறிந்திருந்த ஒன்றுக்குக் கண்முன் சான்று கிடைத்தது. இந்த விளையாட்டின் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

எனவே நாடு மாறும் வீச்சாளருக்குப் பந்து மாறுவது சின்ன விஷயமில்லை. அமெரிக்கப் பந்தின் தோல் வழுக்கும்; டெலவேர் ஆற்றின் கிளையோடை ஒன்றிலிருந்து எடுத்த சேற்றைத் தேய்த்த பிறகே ஆட்டத்துக்கு வரும். ஜப்பானிலும் கொரியாவிலும் பந்து விரலில் நன்றாகப் பிடிக்கும் என்று அங்கே வீசியவர்கள் சொல்கிறார்கள். பிடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. 2021 ஜூனில், விரலில் பசை தடவுவதைத் தடுக்கக் கடும் சோதனை தொடங்கியதும் லீக் முழுவதும் சராசரிச் சுழற்சி குறைந்தது.

மட்டையில் பட்டபின் பந்து எவ்வளவு துள்ளும் என்பதும் எல்லாப் பந்திலும் ஒன்றல்ல. 2018-இல் கொரிய லீகில் 1,756 ஹோம் ரன்கள், அதாவது மைதான வேலியைத் தாண்டிய அடிகள். மறு ஆண்டு துள்ளல் அளவின் வரம்பைச் சிறிது குறைத்தார்கள். ஹோம் ரன்கள் 1,014 ஆகச் சரிந்தன. அந்தத் துள்ளும் பந்துக் காலத்தில், 2015 முதல் 2018 வரை, எஸ்கே வைவர்ன்ஸ் அணிக்கு வீசியவர் அரிசோனாவில் வளர்ந்த மெரில் கெல்லி. அவருடைய நான்காண்டுச் சராசரி 3.86. பந்தைப் பற்றித் தெரியாதவர் அதைச் சாதாரணம் என்பார். அவரோ 2019-இல் தம் 30-ஆம் வயதில் அமெரிக்க மேஜர் லீகில் அறிமுகமாகி, அந்த லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 2023-இன் இரண்டாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்து, ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கினார்.

இப்போது அணிகள் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. பந்தின் வேகம், சுழற்சி, அச்சின் சாய்வு, வளைவு ஆகியவற்றை அளக்கும் கருவிகள் கொரிய மைதானங்களிலும் உள்ளன. எதிரே நிற்கும் மட்டையாளர் யாராக இருந்தாலும் 40 சென்டிமீட்டர் 40 சென்டிமீட்டர்தான். 2022-இல் யாரும் விரும்பாத ஃபெடிக்கு, 2023 முடிவில் சிகாகோ வைட் சாக்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்றரைக் கோடி டாலர் தந்ததற்கு இந்த அளவீடுகளே துணிவு கொடுத்தன என்பது என் கணிப்பு. 2024-இல் அவர் சராசரி 3.30. இடையில் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றப்பட்டார்.

2025 அப்படி அமையவில்லை. ஸ்டிரைக் அவுட்கள் குறைந்தன, நான்கு தவறான பந்துகளால் மட்டையாளர்களுக்கு இலவசமாகத் தரும் இடங்கள் கூடின, ஒரே பருவத்தில் மூன்று அணிகளுக்கு ஆடினார். தட்டிலிருந்து தொடக்கத்திலேயே விலகிப்போகும் ஸ்வீப்பர் எவ்வளவு வளைந்தாலும் மட்டையாளர் அதைத் தொடமாட்டார். அதை எந்தப் புள்ளியை நோக்கி விடுவது என்பதைக் கருவி அளந்து சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அங்கே விடவேண்டியது விரல்தான்.